கல் மெருகு உருளை

கல் மெருகு உருளை என்பது கரடுமுரடான கற்களைத் தேய்பொடியும் தண்ணீரும் சேர்த்து மூடிய டிரம்முக்குள் நாள்கணக்கில் உருட்டி, வழவழப்பும் பளபளப்பும் ஏற்றும் கருவி. மேலைநாடுகளில் ‘ராக் டம்ப்ளர்’ என்ற பெயரில் சிறுவர்களுக்கான சிறு பொம்மைக் கருவி முதல் பல கிலோ கொள்ளும் பெரிய டிரம் வரை கடைகளில் விற்கிறது. ஒரு மோட்டார், இரண்டு உருளைத் தண்டுகள், ஒரு பெல்ட், ஒரு டிரம் ஆகியவற்றைத் தவிர இதில் வேறு முக்கிய உறுப்பு இல்லை. அதனால் கல் சேகரிப்பவர்கள் பலர் இதை வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார்கள். கருவியைக் கட்ட இரண்டு நாள் போதும். ஒரு தொகுதிக் கல் மெருகேறி வெளியே வர நான்கு வாரம் பிடிக்கும். கருவி எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், டிரம்முக்குள் எந்தக் கல் போகிறது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே அது எவ்வளவு சுத்தமாகக் கழுவப்படுகிறது என்ற இரண்டும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன.

டிரம்முக்குள் நடப்பது

டிரம் சுழலும்போது கற்குவியல் சுவரோடு ஒட்டி ஒரு பக்கமாக மேலேறுகிறது. சரிவு ஓர் அளவைத் தாண்டியதும் மேலடுக்கில் உள்ள கற்கள் மட்டும் சரிந்து கீழே வழிகின்றன. தேய்மானம் பெரும்பாலும் இந்தச் சரியும் அடுக்கில்தான் நிகழ்கிறது. அடியில் உள்ள கற்கள் ஒன்றோடொன்று இறுகியபடி சுவரோடு நகர்ந்து, தங்கள் முறை வரும்வரை காத்திருக்கின்றன. கல்லும் கல்லும் உரசும்போது நடுவே சிக்கும் பொடியே வெட்டுக்கருவி. நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளும் விளிம்புகளும்தான் முதலில் அடிபடும். ஆற்றுப்படுகைக் கூழாங்கல்லிலும் இதுவே நடக்கிறது: கல்லின் மொத்த அளவு குறைவதற்கு வெகு முன்பே மூலைகள் மழுங்கிவிடுகின்றன.

வேகம் கூடினால் கற்கள் சரியாமல் எகிறி விழும். மோதி, பிறைவடிவச் சில்லுகள் பெயரும். இன்னும் கூடினால் மையவிலக்கு விசையால் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட, தாதுவை அரைக்கும் குண்டு ஆலை கட்டுபவர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரமே போதும்: டிரம்மின் உள்விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 15 செ.மீ. உள்விட்டத்துக்கு இது சுமார் 109. கல் மெருகுக்கு இதில் பாதிக்கும் சற்றுக் குறைவான வேகம் பொருத்தம். காதும் நல்ல அளவுகோல்தான். சரியான வேகத்தில் ஓடும் டிரம்மிலிருந்து விட்டுவிடாத ஒரு சரசரப்பு கேட்கும். ‘டொக் டொக்’ என்று தனித்தனி அடி கேட்டால் வேகம் அதிகம், அல்லது டிரம்மில் சரக்கு குறைவு.

கட்டும் முறை

தமிழ்நாட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் 160 மி.மீ. பிவிசி குழாய் நல்ல டிரம்மாகும். 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் மூடியைச் சொல்யூஷன் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும். மறுமுனைக்கு ரப்பர் வாஷருடன் கூடிய திருகு மூடி. இந்த அளவு டிரம் சுமார் மூன்றரை லிட்டர் கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் கிட்டத்தட்ட 4 கிலோ கல் பிடிக்கும். தண்ணீரோடு சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ எடை வரும்.

வழுக்கும் பிவிசி சுவரில் கற்குவியல் மேலேறாமல் மொத்தமாகச் சறுக்கும். அப்படிச் சறுக்கினால் கற்கள் உருளாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும்; குழாயும் தேய்ந்து ஓட்டையாகும். பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய லாரி டியூபை வெட்டி உள்ளே ஒட்டுவது இதற்கு நல்ல வைத்தியம். அதன்மேல் நீளவாக்கில் ஆறு ரப்பர் பட்டைகளைச் சம இடைவெளியில் வரப்புபோல ஒட்டினால் அவை கற்களைப் பிடித்து மேலே தூக்கும். ரப்பர் சத்தத்தையும் பெருமளவு அடக்கிவிடும். வாரக்கணக்கில் இரவும் பகலும் ஓடும் கருவிக்கு இது சின்ன விஷயமில்லை. பெயின்ட் டப்பா போன்ற மெல்லிய தகர டிரம் கூடாது. துரு கல்லில் இறங்கிக் கறையாகும். தகரமும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

டிரம்மைத் தாங்க 12 மி.மீ. இரும்புத் தண்டு இரண்டு தேவை. இரு முனையிலும் பேரிங் வைத்து, பலகையிலோ ஆங்கிள் சட்டத்திலோ இணையாகப் பொருத்த வேண்டும். தண்டுகளின் மேல் தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டினால் வெளிவிட்டம் 2 செ.மீ. ஆகும்; டிரம்மும் வழுக்காது. 160 மி.மீ. டிரம்முக்குத் தண்டுகளின் மையங்கள் சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கலாம். மிக நெருங்கினால் டிரம் வெளியே உருண்டுவிடும். மிக விலகினால் தண்டுகளுக்கு இடையே ஆப்புபோல இறங்கிப் பேரிங்கை நசுக்கும். ஒரு தண்டை மட்டும் மோட்டார் ஓட்டினால் போதும். சட்டம் எவ்வளவு சமமாக இருந்தாலும் டிரம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகரும். அதைத் தடுக்க இரு முனையிலும் ஒரு நைலான் உருளையோ சிறு பேரிங்கோ வைக்கிறார்கள்.

வேகக் கணக்கு எளிது. சாதாரண ஒற்றைமுனை இன்டக்ஷன் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, தண்டில் 8 அங்குலப் புல்லி போட்டால் தண்டு 360 சுற்றாகக் குறையும். 2 செ.மீ. உருளை 16 செ.மீ. டிரம்மைச் சுழற்றும்போது வேகம் மேலும் எட்டில் ஒன்றாகி, டிரம் நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும். எல்லை வேகத்தில் இது சுமார் 41 விழுக்காடு. தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் தேவையில்லை.

மோட்டார் தேர்வில்தான் பல கருவிகள் தோற்கின்றன. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தையல் மெஷின் மோட்டார், மிக்ஸி மோட்டார், வாஷிங் மெஷினின் டிரையர் மோட்டார் எல்லாம் சில நிமிட ஓட்டத்துக்குச் செய்யப்பட்டவை. ஓரிரவுகூடத் தாங்காமல் புகையும். மோட்டாரின் தகட்டில் ‘எஸ் 1’ என்று பொறித்திருந்தால் அது தொடர் ஓட்டத்துக்கு உரியது. 4 கிலோ கல்லுக்கு 100 வாட் போதும். அத்தகைய மோட்டார் நான்கு வாரம் நிற்காமல் ஓடினால் சுமார் 67 யூனிட் மின்சாரம் செலவாகும். மோட்டாரை டிரம்முக்கு நேர் கீழே வைக்கவே கூடாது. மூடி ஒருநாள் கசியும். எர்த்திங்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்னும் மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் பெல்ட்டை மூடும் கூண்டும் அதே அளவுக்குக் கட்டாயம்.

எந்தக் கல்

மோஸ் அளவுகோலில் கடினம் 7ஐ ஒட்டிய குவார்ட்ஸ் குடும்பமே இதற்கு ஏற்றது: அகேட், ஜாஸ்பர், சூதுபவளம், செவ்வந்திக்கல், கொங்குப் பகுதிக் காடுகரைகளில் கிடக்கும் வெங்கச்சங்கல். கத்தி முனையால் கீறிப் பார்ப்பது எளிய சோதனை. எஃகுக் கத்தியின் கடினம் ஐந்தரைக்குப் பக்கம். கீறல் விழும் கல்லை ஒதுக்கிவிடலாம். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் கடினம் 3 மட்டுமே. குவார்ட்ஸோடு போட்டால் அவை கரைந்து சேறாகும். கிரானைட் கடினமாகத் தோன்றினாலும் ஏமாற்றும். அதில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் கலந்திருப்பதால் மென்மையான பகுதி குழிந்து, கல் முழுவதும் அம்மைத் தழும்பு விழும். காங்கேயம் வட்டாரத்துச் சந்திரகாந்தக்கல் ஃபெல்ஸ்பார் வகை. அது தளம்தளமாகப் பிளக்கும் என்பதால் டிரம்மில் உடைந்துபோகும். கையால் தீட்டுவதே முறை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரம் சிலிக்கா ஏறிய கல்தான் என்றாலும் அது பாதுகாக்கப்பட்ட புவியியல் சின்னம். ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது.

விரிசல் உள்ள கல்லை முதலிலேயே நீக்க வேண்டும். நான்காவது வாரத்தில் அது பிளந்தால் அதன் கூர்முனை மற்ற கற்களின் மெருகைக் கிழித்துவிடும். ஒரே அளவுக் கற்களைவிடப் பெரியதும் சிறியதும் கலந்த தொகுதி நன்றாகத் தேயும். பெரிய கற்களின் இடுக்குகளுக்குள் பொடியைக் கொண்டு சேர்ப்பவை சிறிய கற்களே.

நான்கு கட்டங்கள்

தேய்பொடி என்பது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. பட்டறைகளில் கார்போரண்டம் பவுடர் என்பார்கள். அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சசன் 1891இல் மின் உலையில் இதை உருவாக்கி 1893இல் காப்புரிமை பெற்றார். சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தால் இது தமிழகத்துப் பட்டறைகளுக்குப் பழகிய சரக்கு. இதன் கடினம் 9க்கு மேல். குவார்ட்ஸை எளிதில் வெட்டும். அதன் துகள் மழுங்காமல் உடைந்து, உடைந்த ஒவ்வொரு துண்டும் கூராகவே இருப்பது இந்த வேலைக்குக் கிடைத்த வரம். வாரம் முழுக்க உடைந்து உடைந்து, கடைசியில் பொடி முழுவதும் நுண்சேறாகிவிடும். அதற்குமேல் ஓட்டினாலும் கல் தேயாது.

பொடியின் எண் சல்லடையைக் குறிக்கிறது. எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். முதல் கட்டத்துக்கு 60/90 எண் பொடி, கிலோ கல்லுக்கு 60 முதல் 75 கிராம். தண்ணீர் கற்களின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். ஏழு நாள் ஓட்டியபின் திறந்தால் சாம்பல் நிறச் சேறு தெரியும். கல்லைக் கழுவிப் பார்த்து, இன்னும் குழியோ மூலையோ உள்ளவற்றைப் புதுப் பொடியோடு மறுபடி இதே கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். சில கற்கள் மூன்று நான்கு முறைகூடத் திரும்பும். இங்கே அவசரப்பட்டால் மீட்பே இல்லை. பின்வரும் கட்டங்கள் கல்லின் வடிவத்தைத் தொடுவதில்லை, மேற்பரப்பை மட்டும் நுணுக்குகின்றன. கல்லின் எடையில் நாலில் ஒரு பங்கு வரை இந்த முதல் கட்டத்திலேயே சேறாகப் போகலாம். அப்படிக் குறைந்த இடத்தைப் பீங்கான் குண்டுகளால் நிரப்பி, டிரம்மின் மட்டத்தைக் காக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம் 120/220, மூன்றாம் கட்டம் 500 அல்லது 600. இவையும் ஏறக்குறைய ஒரு வாரம். நான்காவது கட்டத்தில் ஒரு மைக்ரான் அளவுள்ள அலுமினியம் ஆக்சைடு, அதாவது செயற்கைக் குருந்தத்தின் தூள், மெருகு ஏற்றுகிறது. சீரியம் ஆக்சைடு பயன்படுத்துபவர்களும் உண்டு. 60 எண் துகள் கால் மில்லிமீட்டர். மெருகுத் தூளைப் போல 250 மடங்கு பெரியது. அப்படி ஒரே ஒரு துகள் மூடியின் மரையில் ஒளிந்திருந்து கடைசிக் கட்டத்தில் இறங்கினாலும் மூன்று வார உழைப்பு கீறலாகிவிடும். கட்டத்துக்குக் கட்டம் கல், டிரம், வாஷர், மூடி எல்லாவற்றையும் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மெருகுக்கென்றே தனி டிரம் வைத்திருப்பது இன்னும் நல்லது. குழாய்த் துண்டின் விலை, வீணாகும் ஒரு மாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மெருகு ஏறிவிட்டதா என்று ஈரக் கல்லில் பார்க்கவே கூடாது. நனைந்த கல் எல்லாமே பளபளக்கும். துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பிடித்தால் விளக்கின் பிம்பம் கூரான விளிம்போடு தெரிய வேண்டும். பிம்பம் மங்கிப் பஞ்சுபோல் பரவினால் 500 எண் கட்டம் நிறைவாகவில்லை என்று பொருள். பிம்பம் கூராக இருந்தால், சோப்புச் சீவலும் தண்ணீரும் போட்டுச் சில மணி நேரம் ஓட்டி இடுக்குகளில் படிந்த வெள்ளைத் தூளை நீக்குவது மட்டும் மிச்சம்.

அதிர்வுக் கருவி என்று இன்னொரு வகையும் உண்டு. அது கல்லைச் சுழற்றாமல் குலுக்கும். மெருகு விரைவில் ஏறும், ஆனால் வடிவம் உருளாது.

கைவினை மரபு

மோட்டாருக்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட், சூதுபவள மணிகளை எமரித் தூளும் நீரும் சேர்த்துத் தோல் பையில் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்த இருவர் பல நாட்கள் மாறி மாறி உருட்டி மெருகேற்றுவார்கள். இன்று அங்கே அந்தப் பையின் இடத்தில் மோட்டார் டிரம்கள் ஓடுகின்றன. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில், 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளில், முடிந்த மணிகளோடு பாதி வேலையில் நின்ற மணிகளும் கிடைத்தன. சங்ககாலக் கொங்கில் கல்மணித் தொழில் எந்த அளவில் நடந்தது என்பதற்கு அவை சாட்சி.

பாதுகாப்பு

கம்பாத்தின் தொழிலாளர்களிடையே சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் நீண்டகாலமாகப் பதிவாகியிருக்கிறது. அகேட்டை உலர்ந்த நிலையில் சாணை பிடிக்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. அதை ஆற்ற மருந்து இல்லை. டிரம்முக்குள் எல்லாம் நனைந்தே நடப்பதால் தூசு எழாது. வீட்டுக் கருவியின் பெரிய பாதுகாப்பு இதுதான். ஆபத்து கருவிக்கு வெளியே இருக்கிறது: கல்லைச் சுத்தியலால் உடைக்கும்போதும், சிந்திய சேறு காய்ந்தபின் துடைப்பத்தால் பெருக்கும்போதும். உடைக்கும் கல்லை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, கண்ணாடியும் துகள் வடிகட்டும் முகமூடியும் அணிந்து அடிக்க வேண்டும். சிந்திய சேற்றைக் காயும் முன்பே ஈரத்துணியால் வழித்துவிட வேண்டும்.

சில கற்களும் உலோகத் துணுக்குகளும் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவை உண்டாக்கும். அழுத்தம் ஏறினால் மூடி தெறிக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் முதல் இரண்டு மூன்று நாட்களும் தினம் ஒருமுறை மூடியை மெல்லத் திருகித் திறந்து மூட வேண்டும். கழுவிய சேற்றை வீட்டுச் சாக்கடையிலோ வாஷ்பேசினிலோ ஊற்றக் கூடாது. குழாயின் வளைவில் படிந்து சிமென்ட்போல் இறுகிவிடும். பிறகு குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வாளியில் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் செடியில்லாத மண்ணில் ஊற்றி, அடியில் தங்கிய வண்டலை ஈரமாகவே குழியில் புதைப்பது வழக்கம்.