மிஸ்ட்ரல்: ஈயத்தில் வார்த்த கையெழுத்து

போன வருடம் எங்கட பட்ச் மலருக்கு அட்டை செய்யேக்க, ஆங்கிலத் தலைப்பு கையால எழுதின மாதிரி இருந்தால் வடிவா இருக்கும் எண்டு ஒருவர் சொன்னார். நான் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து மிஸ்ட்ரலைத் தெரிவு செய்தேன். எல்லாருக்கும் பிடிச்சுக்கொண்டது. பட்ச்சிலேயே வடிவான கையெழுத்து உள்ள தோழி பக்கத்தில்தான் இருந்தாள். அவளிட்டக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அது யாருடைய கை எண்டு தேடினது அதுக்குப் பிறகு.

மிஸ்ட்ரலை வரைந்தவர் ரொஜே எக்ஸ்கொஃபோன். 1910இல் பிரான்ஸின் மார்செய் நகரில் பிறந்தவர். அதே நகரின் ஒலிவ் எழுத்து வார்ப்பகம் 1953இல் இதை வெளியிட்டது. தென் பிரான்ஸில் அடிக்கிற வேகமான குளிர்காற்றுக்குத்தான் மிஸ்ட்ரல் எண்டு பெயர். எழுத்துக்கு அடிப்படை, அவருடைய சொந்தக் கையெழுத்து.

கையெழுத்துச் சாயல் அச்சுக்குப் புதிதல்ல. கல்யாண அழைப்பிதழ்களில் பார்க்கிறோமே, மெல்லிசும் தடிப்புமாய்ச் சுழித்துப் போகிற எழுத்து, அது பழையது. அமெரிக்காவில் 1942இலேயே பிரஷ் ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. ஆனால் அவையெல்லாம் நிதானமாக இருந்து எழுதின எழுத்து. மிஸ்ட்ரல் அவசரத்தில் கிறுக்கின துண்டுக் கடுதாசி மாதிரி. கோட்டில் நிற்காது, ஏறி இறங்கும், ஓரங்கள் சொரசொரப்பாக இருக்கும்.

இதில வேடிக்கை என்னெண்டால், அந்த அவசரத்தை ஈயத்தில் வார்க்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டை. கோர்ப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குவார். கையெழுத்திலோ ஒரு எழுத்தின் வால் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு போகும். அப்ப, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் இணைகிற மாதிரி, வால் கட்டையின் விளிம்பில் சரியான உயரத்தில் முடிய வேண்டும், அடுத்தது அதே உயரத்தில் தொடங்க வேண்டும். துளி விலகினாலும் சொல் உடைந்து தெரியும். ஒரு நொடியில் எழுதின மாதிரித் தெரிகிறதுக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு. அந்தச் சொரசொரப்பும் இணைப்புகளை மறைக்க உதவியிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறேன்.

எக்ஸ்கொஃபோன் பாங்கோ (1951), ஷொக் (1955) எண்டு வேறு விளம்பர எழுத்துகளும் செய்தார். பிரான்ஸில் கடைப் பலகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் மிஸ்ட்ரல் பரவியது. பிறகு மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸோடு சேர்ந்து உலகம் முழுக்கக் கணினிகளுக்குள் போனது. 2011இல் வந்த 'ட்ரைவ்' படத்தின் இளஞ்சிவப்புத் தலைப்பைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுவும் இதுதான். எக்ஸ்கொஃபோன் 1983இல் இறந்துவிட்டார்.

தமிழில் கையெழுத்து எண்டால் எழுதுகிற விதமும்தான், ஒப்பமும்தான். இன்னார்தான் எழுதினது எண்டதுக்கு அது சாட்சி. மார்செய்க்காரர் ஒருவரின் சாட்சியைத்தான் நாங்கள் மலர் அட்டையில் போட்டிருக்கிறோம்.

அச்சாகி வந்த அன்று தோழி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இரண்டு 'ஈ'யும் அச்சொட்டா ஒரே மாதிரி இருக்கு, கவனிச்சனியா?" எண்டு கேட்டாள். அவளின் நோட்ஸ் கொப்பி இப்ப என்னட்டத்தான் இருக்கு. அதில் இரண்டாவது 'ஈ' எப்பவும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.