விளக்காகப் பிறந்த சென்சார்

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1897-ல் வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு விளக்கு செய்தார். சிர்க்கோனியம் ஆக்சைடுடன் சிறிது யிட்ரியம் ஆக்சைடு சேர்த்த பீங்கான் குச்சிதான் அதன் உயிர். குளிர்ந்த நிலையில் மின்சாரம் அதில் பாயாது; சூடேற்றினால் பாயும், கண் கூச ஒளிரும். டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்குக்கு வேலை போனது. ஆனால், சூட்டில் ஆக்சிஜன் அயனிகளைத் தன்னுள் நகரவிடும் அந்தப் பீங்கானின் குணத்துக்கு வேறொரு வேலை காத்திருந்தது.

1976-ல் பாஷ் நிறுவனம் செய்த ஆக்சிஜன் சென்சார், அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்களில் ஏறியது. ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தில் எரிந்தால்தான் புகையின் மூன்று நச்சு வாயுக்களையும் வினையூக்கி ஒருசேரச் சுத்தம் செய்யும். அந்த விகிதத்தைக் காக்க ஒரு காவல் வேண்டும். விரலுறை வடிவப் பீங்கானின் வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வேறுபாடே மின்னழுத்தம் ஆகிறது. பெட்ரோல் கூடினால் ஏறக்குறைய 0.9 வோல்ட், காற்று கூடினால் 0.1. அதைப் பார்த்து என்ஜினின் கணினியான இசியு பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தச் சென்சாருக்கு விஷம். இந்தியாவில் அது 2000-ல் ஒழிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் நம் வாசலில் நிற்கும் பைக்கின் சைலன்சர் குழாயிலும் இந்தச் சென்சார் குடியேறிவிட்டது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். சுமார் 300 டிகிரிக்குக் கீழே சென்சார் பேசாது. டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட்டில் வைத்து, கனெக்டரைக் கழற்றாமல் பின்புறமாக சிக்னல் கம்பியைத் தொடுங்கள். எண் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால் பீங்கான் உயிரோடு இருக்கிறது. நடுவில் அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம். சிக்னல் கம்பியில் ஓம் அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் சென்சாரைக் கெடுக்கும். ஐந்தாறு கம்பிகள் உள்ள புதுவகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

‘காற்று அதிகம்’ என்று பிழைக் குறியீடு வந்தவுடன் சென்சாரைக் கழற்றி எறிவது எனக்கு வேதனை தருகிறது. அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டுமே. ஸ்பார்க் பிளக் பொறி தராமல் விட்டால் பெட்ரோலோடு ஆக்சிஜனும் எரியாமல் வெளியேறும். சென்சார் அதைச் சரியாகவே சொல்லும். இசியு இன்னும் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் விழும். சென்சாருக்கு முன்னால் குழாய் கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் இதே கதைதான். புதிய சென்சார் வாங்கும் முன் அந்த பிளக்கையும் கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள்.