பீடத்தில் எழுந்த புகை

ஜோசப்-மரி வியான் 1762இல் தீட்டிய ‘கற்புடைய ஏதென்ஸ் மங்கை’ ஓவியத்தில் ஓர் இளம்பெண் முக்காலித் தூபக்காலருகே நின்று நறும்பொருளை நெருப்பில் இடுகிறாள். புகை எழுகிறது, அவ்வளவுதான். பண்டையோர் பீடங்களில் காளையும் பன்றியும் பலியிட்டதை வியான் அறியாதவரல்லர். குருதியை விலக்கிப் புகையை மட்டும் வைத்துக்கொண்டார். 1773இல் எபெர்ட்ஸ் என்பவர் அந்த முக்காலியைப் பார்த்து ‘அத்தேனியன்’ என்ற வீட்டுச் சாமானையே செய்து விற்றார். தூபம் போடலாம், பூ வைக்கலாம், தங்கமீன் வளர்க்கலாம், காப்பியும் சுடவைக்கலாம். வழிபாட்டுப் பொருள் பதினோரே ஆண்டில் வரவேற்பறைக்கு வந்துவிட்டது.

எரிமலையால் புதைந்த பண்டை ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பேயியில் 1748இலும் தொடங்கிய அகழ்வு ஓவியர்களுக்குத் தூணையும் சுவரையும் பாத்திரத்தையும் தந்தது. அங்கே நடந்த சடங்கை அவர்களே நிரப்ப வேண்டியிருந்தது. 1764இல் வெளிப்பட்ட, எகிப்தியத் தெய்வம் ஐசிஸின் பொம்பேயிக் கோயிலை ஓவியர் லூயி-ழான் டெப்ரே இருவகையாக வரைந்தார்: ஒன்றில் இடிந்து கிடக்கும் கோயில், மற்றொன்றில் முழுமையாக எழுந்து, பூசை நடக்கும் கோயில். அது முன்பே ஒருமுறை இடிந்து எழுந்த கோயில்தான். நிலநடுக்கத்தில் வீழ்ந்ததை அடித்தளத்திலிருந்து கட்டித் தந்தவன் என்று வாயிற்கல்வெட்டு சொல்லும் செல்சினுஸுக்கு அப்போது வயது ஆறு. பிள்ளை பெயரில் பெற்றோர் செய்த திருப்பணி என்றே கொள்ள வேண்டும்.

ஓவியர் உபேர் ராபர்ட் வேறு வழியில் சென்றார். 1754 முதல் 1765 வரை ரோமில் வாழ்ந்த அவர், சிதைந்த மண்டபங்களில் பூசாரியைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. பெருந்தூண்களுக்கிடையே சலவைப் பெண்கள் துணி துவைக்கிறார்கள். கொடியில் ஈரத்துணி தொங்குகிறது. வியானின் அழகைவிட இந்த ஈரத்துணியே எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. சாமி போன இடத்தில் வாழ்க்கை எப்படித் தொடர்கிறது என்பதை அது மறைக்கவில்லை.

ஆனால் ஓவியர்கள் கற்பனையால் நிரப்பிய அந்தச் சடங்கின் அசல் முகமும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. ஹெர்குலேனியத்துச் சுவரோவியம் ஒன்றில் ஐசிஸ் கோயிலின் படிகள் மேல் பூசாரி ஒருவர் கலசம் ஏந்தி நிற்கிறார். இருமருங்கும் அடியார் கூட்டம். கீழே ஒருவன் விசிறி கொண்டு பீடத்து நெருப்பை வளர்க்கிறான்; பக்கத்தில் அரிவாள்மூக்கன் பறவைகள் நிற்கின்றன.