பூ உதிர்ந்த பின்னர்

மலரைக் கண்டு மகிழ்வது எளிது. மலர் உதிர்ந்த செடியைப் பேணுவதே அரிது. ஆர்க்கிட் வளர்ப்பின் இருநூறாண்டு வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது. பூவை விரும்பியோர் பலர் செடியை இழந்தனர். செடியின் இயல்பை அறிந்து காத்திருந்தோரே மீண்டும் பூவைக் கண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆசிய, அமெரிக்கக் காடுகளிலிருந்து ஆர்க்கிட் செடிகள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. மரக்கிளையைப் பற்றி வாழும் இவற்றைப் புல்லுருவி இனம் எனப் பலர் பிழைபட எண்ணினர். புல்லுருவி தான் தங்கிய மரத்தின் சாற்றை உறிஞ்சும். மரத்தில் வாழும் ஆர்க்கிடோ தங்குவதற்கு இடம் மட்டுமே பெறும். அதன் வேர்கள் காற்றில் தொங்கி மழைநீரைப் பருகும். இவ்வேறுபாட்டை அறியாதார் அச்செடிகளை மண்ணில் புதைத்தனர். வெப்பநாட்டுச் செடிகளாயிற்றே என்று கண்ணாடி வீடுகளை அடைத்து, தீ மூட்டிப் புழுங்கவும் வைத்தனர். விளைவு என்ன? வேர்கள் அழுகின. எண்ணற்ற செடிகள் மறுமுறை பூக்காமலே மடிந்தன. அவற்றுக்கு ஈடு தேடிக் காடுகள் சூறையாடப்பட்டன.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஜோசப் பாக்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர். அவர் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவர். மலைச்சாரலின் குளிரில் வளர்வனவும் ஆர்க்கிட்களுள் உண்டு என்பதை உணர்ந்து, 1830களில் இனத்திற்கேற்ற வெப்பநிலையில் தனித்தனிக் கண்ணாடி வீடுகளை அமைத்தார். காற்றை உள்ளே விட்டார். தரையில் நீர் தெளித்து ஈரத்தைக் காத்தார். செடிகள் பிழைத்தன, மீண்டும் பூத்தன.

எனினும் விதையிலிருந்து செடியை வளர்ப்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. ஜான் டோமினி என்பவர் மனிதக் கையால் உருவாக்கிய முதல் கலப்பின ஆர்க்கிட் 1856இல் பூத்தது. ஆயினும் விதைகளில் மிகச் சிலவே முளைத்தன. தூசு போன்ற அவ்விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையே அதற்கு ஊட்டம் தருகின்றது என்பதை 1899இல் பிரான்சு நாட்டு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊட்டக்கூழில், பூஞ்சையின் துணையின்றியே அவ்விதையை முளைக்கச் செய்யலாம் என்று 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் மெய்ப்பித்தார்.

இவ்வறிவு சிங்கைக்கு வந்து சேர்ந்த வரலாறு நமக்கு நெருக்கமானது. நட்சனின் முறை தோன்றுவதற்கு முன்னரே, ஆர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோவாக்கிம் அம்மையார் தம் சிங்கப்பூர்த் தோட்டத்தில் இரு வாண்டா இனங்களைக் கலந்து புதிய மலரொன்றைப் பெற்றார். தாவரவியற் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி 1893இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அம்மையார் 1899இல் மறைந்தார்; அவருடைய செடி மறையவில்லை. தண்டின் கீழ்ப்பூ உதிர, மேல்மொக்கு அவிழும் இயல்புடைய அச்செடி, வெட்டி நட்ட துண்டுகளாலேயே பெருகிற்று. அதுவே 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. அது இயற்கையாக விளைந்த கலப்பா, அவர் உருவாக்கியதா என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. அம்மையாரே அதனை உருவாக்கியவர் என 2016இல் அதிகார முறையில் ஏற்கப்பட்டது.

நட்சனின் முறையைச் சிங்கைப் பூங்காவில் கையாண்டவர் எரிக் ஹோல்ட்டம். 1928இல் அவர் தொடங்கிய முயற்சியால், அப்பூங்காவில் உருவான முதல் கலப்பினம் 1931இல் மலர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியிலும் அவர் பூங்காவிலேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். மலாயா ஆர்க்கிட்களைப் பற்றிய அவருடைய நூல் 1953இல் வெளிவந்தது. குடுவையில் முளைத்த விதை பூத்துக் காட்ட ஆண்டுகள் பல ஆகும். அத்தகைய பொறுமையே அவரது பணிக்கு அடித்தளம்.

இன்று சீனப் புத்தாண்டை ஒட்டி நம் இல்லங்களுக்கு வரும் ஃபெலனாப்சிஸ் செடிக்கும் இவ்வரலாறு பொருந்தும். அதன் பூக்கள் இரண்டு மூன்று மாதங்கள் நிலைத்துப் பின் உதிரும். அது இறப்பன்று, ஓய்வு. செடி வலுவாயிருப்பின், பச்சையான பூந்தண்டை ஒரு கணுவுக்குச் சற்று மேலே நறுக்கினால் கிளைத்தண்டு தோன்றக்கூடும். நலிந்த செடியாயின் தண்டை அடியோடு நீக்குவதே நன்று. சாடியின் மரப்பட்டைத் துண்டுகள் ஏறக்குறைய உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். உலர்ந்த வேர் வெண்சாம்பல் நிறமும், நனைந்த வேர் பச்சை நிறமும் காட்டும். செடி தானே பேசும் மொழி அது. முதலில் புதிய வேரும் இலையும் வரும். பூ பிறகே வரும். மேலும், கடைகளில் விற்கும் பெரிய பூக்கொண்ட கலப்பினங்கள் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரக் குளிர்ச்சி வேண்டும். நம் சமவெளியின் ஓயாத வெப்பத்தில் அவை இலையோடு நின்றுவிடுவதும், கேமரன் மலையில் பூத்துக் குலுங்குவதும் இதனாலேயே. பூக்காத செடியைப் பழிப்பதில் பயனில்லை.

அன்று கண்ணாடி வீட்டை அடைத்துப் புழுங்க வைத்தவர்களுக்கும் ஆர்வம் இருந்தது, அறிவுதான் இல்லை. இன்று அவ்வறிவு எவருக்கும் கிட்டும். வேண்டுவது, பூவில்லாத மாதங்களிலும் செடியை மறவாத மனமே. மாணவரைப் பேணும் ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.