வான்கதவு திறந்தால்தான் அருவி: சென்கிளேயரில் ஒரு பகல்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நான் முதலில் தேடியது நீரின் இரைச்சலைத்தான். சிறுவயதில் ரயில் ஜன்னல் வழியே பார்த்த சென்கிளேயர் நீர்வீழ்ச்சி, பாறையை முழுவதுமாக மூடிக்கொண்டு வெள்ளையாக விழும். அன்று கறுத்த பாறையின் நடுவே சில நீர்க்கோடுகள் மட்டுமே இறங்கிக்கொண்டிருந்தன.

சுமார் 80 மீற்றர் உயரமான இந்த நீர்வீழ்ச்சி, மகாவலியின் கிளையான கொத்மலை ஓயாவில் அமைந்துள்ளது. அகன்று விழுவதால் 'இலங்கையின் சின்ன நயாகரா' என்றும் இதனை அழைப்பார்கள். பெயர் தந்தது அருகிலுள்ள சென்கிளேயர் தேயிலைத் தோட்டம்.

நீர் குறைந்ததற்கான காரணம் ஆற்றின் மேற்பகுதியில், தலவாக்கலை நகரை ஒட்டி நிற்கிறது. மேல்கொத்மலை அணைக்கட்டு மறிக்கும் நீர், ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக நியம்கம்தொரவில் உள்ள நிலக்கீழ் மின்நிலையத்துக்குச் செல்கிறது. அதாவது, அருவியைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஜப்பானியக் கடனுதவியில் அமைந்து, 2012இல் இயங்கத் தொடங்கிய இத்திட்டத்தின் கொள்ளளவு 150 மெகாவாட். நீர்வீழ்ச்சிகள் வற்றிவிடும் என்று சூழலியலாளர்களும் மலையக அமைப்புகளும் பல ஆண்டுகள் எதிர்த்தனர். பகலில் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் நீர் விட வேண்டும் என்ற ஏற்பாடு அந்த எதிர்ப்பின் விளைவுதான்.

நீரிலிருந்து சக்தி எடுப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்றழைக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில், கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை ஓடைநீரே சுழற்றியது. ஆனால் அந்த நீர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு உடனே ஓடைக்குத் திரும்பிவிடும். இங்கோ பல கிலோமீற்றர் தூரத்துக்கு ஆறு தன் நீரை இழக்கிறது.

வீதியோரத்தில் சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "மழை பேஞ்சு வான்கதவ தொறந்தா வாங்க தம்பி, அப்பதான் பழைய அருவிய பார்க்கலாம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அதிலேயே ஆபத்தும் உண்டு. கடும் மழையில் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழே ஆற்று நீர்மட்டம் திடீரென உயரும். எனவே குளிக்கவோ, படம் எடுக்கவோ ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். வீதியோரக் காட்சித்தளத்திலிருந்தே அருவி முழுமையாகத் தெரியும்.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டும்தான். ஆனால் ஓர் அருவி எத்தனை மணிக்கு விழலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில், அதன் கரையில் வாழும் மக்களுக்கும் ஓர் ஆசனம் இருக்க வேண்டாமா?