சேற்று வயலும் ஓயில் சீலும்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், துறைமுகத்தின் ஆழத்தையும், அதன்பொருட்டு மோதிக்கொண்ட ஐரோப்பிய வல்லரசுகளின் ஆசையையும், 1624ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் துயரத்தையும் விரித்துரைத்து, அத்துடன் எழுதுகோலை வைத்துவிடுவது வழக்கம். அங்கிருந்து தென்மேற்கே சென்று, ஆதிகோணநாயகர் எழுந்தருளியிருக்கும் தம்பலகாமத்தை அடைந்தவர்களும் கோயிலையும் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களையும் வருணித்தார்களேயன்றி, அவ்வயல்களுக்கு உரமூட்டை சுமந்து திரியும் மோட்டார் சைக்கிளையும், அதனைப் பழுதுபார்க்கும் பட்டறைத் தொழிலையும் சரித்திரத்துக்கு உரிய விஷயமாகக் கருதினார்களில்லை. அத்தொழிலின் சிறியதோர் அங்கமாகிய, முன் ஃபோர்க்கின் ஓயில் சீலை மாற்றும் வேலையை மாத்திரம் எடுத்து ஆராய்ந்தாலும், இத்தீவின் அரை நூற்றாண்டுப் பொருளாதாரம் அதிலே தெரியவரும் என்பது என் துணிபு.

ஆதியில் இந்த வேலையே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் பெருவாரியாக ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20, நோர்ட்டன் 16எச் முதலிய வண்டிகளின் முன்பக்கம் ஒரு சுருள்வில்லைத் தாங்கிய இரும்புச் சட்டங்களால் ஆனது. மூட்டுகளுக்குக் கிறீஸ் இடுவதே அதன் பராமரிப்பு. வடிந்தோட அதில் எண்ணெய் இருந்ததில்லை. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் எண்ணெயின் தடையோடு ஏறி இறங்கும் ஏற்பாட்டை 1935ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர்12 வண்டியில் அமைத்தது. 1941 அளவில் ஆங்கிலேயரின் மாட்ச்லெஸ் வண்டி அதனைப் படைக்கு ஏற்றது. போர் முடிந்தபின் அதுவே எங்கும் பரவிற்று. குழாயும் குழாயும் கூடும் வாயில் எண்ணெயை உள்ளேயும் தூசியை வெளியேயும் நிறுத்தும் ஓயில் சீல் என்னும் வளையத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. ஜெர்மனியில் தோல் பதனிட்டு வந்த பிராய்டன்பெர்க் நிறுவனத்தார் 1929இல் தோலினாலேயே எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் செய்து, சில வருஷங்களில் செயற்கை இறப்பருக்கு மாறினார்கள். இயற்கை இறப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிப் பதம் கெட்டுவிடும். ஆகவே, 1876இல் இறப்பர்க் கன்றுகளை வரவேற்றதும், 1952இல் சீனத்துக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டதுமான இலங்கை, விரற்கடை அகலமும் இல்லாத இந்த வளையத்துக்கு அந்நிய தேசத்தை எதிர்பார்க்க நேர்ந்தது.

அந்நியப் பொருளுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பழையதைப் பிரித்துப் பூட்டி ஓட்டுவதன்றி வேறு மார்க்கம் இல்லை. 1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்து, ஹொண்டா, யமஹா, சுசுக்கி என ஜப்பானிய வண்டிகள் தாராளமாக வந்தன. ஆனால் அவற்றைப் பிரிப்பதற்கென்று தொழிற்சாலையார் வகுத்த விசேஷ ஆயுதங்கள் நகரத்து முகவர்களோடு நின்றுவிட்டன. பின்னர் வந்த உள்நாட்டு யுத்தமோ கடை, சாலை, சோதனைச்சாவடி என்று எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டிப்போட்டது. அந்த யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில் பெற்றோலைச் சில துளி காட்டி, மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டிய சாமர்த்தியம் யாவரும் அறிந்ததே. கிழக்கின் பட்டறைகளுக்கும் அந்தக் கல்வி அந்நியமானதன்று.

தம்பலகாமத்தில் சீல் அடிக்கடி கெடுவதற்குப் பூமியும் காரணம், காற்றும் காரணம். வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் தெறித்த சேறு பளபளக்கும் குழாயில் காய்ந்து இறுகி, அடுத்த பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது சீலின் மெல்லிய உதட்டை அறுக்கிறது. அருகிலுள்ள குடாவிலிருந்து வரும் உப்புக்காற்று குரோமியப் பூச்சில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு ஏற்ற, அப்புள்ளிகள் அரத்தைப்போல் அதே உதட்டை அராவுகின்றன. வடிந்த எண்ணெய் முன்சக்கரத்தின் பிரேக்கில் இறங்குமாயின், அது பணச்செலவு என்ற நிலையைக் கடந்து உயிருக்கே அபாயமாகிவிடும்.

இனி, ஆயுதங்களுக்கு வருவோம். ஃபோர்க்கைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, வில்லை எடுத்து, எண்ணெயை ஊற்றிவிடுவது வரை சாதாரண சாவிகளே போதும். சிக்கல் அடிப்பக்கத்து போல்ற்றில் ஆரம்பமாகிறது. அது உள்ளே நிற்கும் தடைத்தண்டில் மரையேறியிருப்பதால், போல்ற்றைத் திருப்பினால் தண்டும் கூடவே சுழலும். தொழிற்சாலையார் இதற்கென்று நீண்ட கைப்பிடியுள்ள ஓர் உபகரணம் செய்தார்கள். ஊர்ப் பட்டறைக்காரரோ விளக்குமாற்றுக் கம்பின் நுனியைச் சதுரமாகக் கூர்சீவி, குழாய்க்குள் விட்டுத் தண்டின் தலையில் இறுக்கி, ஒருவர் கம்பைப் பிடிக்க மற்றொருவர் போல்ற்றைக் கழற்றுவார். பழைய சீலை நெம்பும்போது அலுமினிய விளிம்பு காயப்படாதிருக்க, ரயர் நெம்பும் கட்டைக்கு அடியில் பழைய ரியூப்பின் துண்டொன்று. புதிய சீலைக் குழாயில் இறக்குமுன் குழாயின் கூர்முனையைப் பொலித்தீன் பையால் மூடி எண்ணெய் பூசுவர். இல்லையேல் உதடு முதல் இறக்கத்திலேயே கிழியும். அடித்து இறுக்குவதற்கு, ஃபோர்க் குழாயின்மேல் வழுக்கிச் செல்லுமளவு அகன்ற பி.வி.சி. நீர்க்குழாயில் ஒரு துண்டு. அதற்கும் புதிய சீலுக்கும் இடையே, கழற்றிய பழைய சீலே அடிதாங்கியாக அமரும். பழையதன் கடைசிச் சேவை அது! பூட்டுவளையத்தின் பள்ளம் சுற்றிலும் முழுதாகத் தெரியும்வரை அடித்து, மருந்துக்கடை ஊசிக்குழலால் இரு கால்களுக்கும் எண்ணெயை மில்லிலீற்றர் கணக்கில் சமமாக அளந்து விடுவார்கள்.

நாட்டு நிலைமை இத்தொழிலை மறக்கவிடவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடையிலே 2022இல் ரூபாய் வீழ்ந்து எரிபொருள் அற்றுப்போக, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்ட நாட்களில், ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் அருகேயுள்ள சீனக்குடாவில், பெரும்பாலும் வெறுமையாய் நின்றன. புதிய வண்டி வாங்க முடியாதவன் பழைய வண்டியின் சீலை மாற்றினான்.

இன்று தொழிற்சாலை உபகரணம் விலைக்குக் கிடைக்கிறது. ஆயினும் தடைத்தண்டின் தலை ஒரு வண்டியில் அறுகோணம், இன்னொன்றில் பன்னிரு முனை, மற்றொன்றில் வெறும் வட்டத் துளை. ஒவ்வொன்றுக்கும் தனி இரும்பு வாங்கவேண்டும். கம்பு வைத்திருப்பவர் நுனியை மறுபடி சீவிக்கொள்கிறார்.