1969 குடியரசுத் தலைவர் தேர்தல்: எண்ணிக்கையும் வழக்கும்

இந்தியாவின் ஐந்தாவது குடியரசுத் தலைவர் தேர்தல் 1969 ஆகஸ்ட் 16 அன்று நடைபெற்றது. இத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி, காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரான நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்தார். முதல் விருப்ப வாக்குகளால் முடிவு கிடைக்காமல் இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி முடிவு செய்யப்பட்ட குடியரசுத் தலைவர் தேர்தல் இந்தியாவில் இது ஒன்றே. தேர்தலில் முறைகேடு நடந்ததாகக் கூறி உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சியம் அளித்தார்.

பின்னணி

குடியரசுத் தலைவராக இருந்த ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசுத் துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். தொழிற்சங்கத் தலைவராகப் பெயர்பெற்றவர் கிரி. 1937ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறையைக் கவனித்தவர். 1954ல் வங்கி ஊழியர் ஊதியத் தீர்ப்பு தொடர்பான கருத்து வேறுபாட்டால் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்தவர்.

அப்போது காங்கிரஸ் கட்சிக்குள் பிரதமர் இந்திரா காந்திக்கும் 'சிண்டிகேட்' எனப்பட்ட மூத்த தலைவர்களுக்கும் இடையே பூசல் முற்றியிருந்தது. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ்.கே.பாட்டீல் ஆகியோர் அந்த அணியின் முக்கியமானவர்கள். 1969 ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழுவில் இந்திரா காந்தி ஜகஜீவன் ராமின் பெயரை முன்வைத்தார். பெரும்பான்மையினர் மக்களவைத் தலைவராக இருந்த சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தனர். ரெட்டியின் வேட்புமனுவில் இந்திரா காந்தியே கையெழுத்திட்டார்.

ஆயினும் அடுத்த சில நாட்களில் நிலைமை மாறியது. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதில் கையெழுத்திட்டவர் பொறுப்புக் குடியரசுத் தலைவர் கிரி. மறுநாள் அவர் பதவி விலகித் தேர்தல் களத்தில் இறங்கினார். தலைமை நீதிபதி ஹிதயதுல்லா பொறுப்புக் குடியரசுத் தலைவரானார்.

சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக்கை நிறுத்தின. அவ்விரு கட்சிகளின் இரண்டாம் விருப்ப வாக்குகளை ரெட்டிக்குப் பெற நிஜலிங்கப்பா அவற்றின் தலைவர்களிடம் பேசினார். இதைச் சுட்டிக்காட்டிய இந்திரா ஆதரவாளர்கள், கட்சி வலதுசாரிகளுடன் கைகோத்துவிட்டதாகக் குற்றம் சாட்டினர். ரெட்டிக்கு வாக்களிக்கும்படி கொறடா உத்தரவு பிறப்பிக்க இந்திரா காந்தி மறுத்து, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார்.

வாக்கின் மதிப்பு

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்பின் 54ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு கிடைக்கும்.

தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு மக்கள்தொகை 3,36,86,953. சட்டமன்ற இடங்கள் 234. இதன்படி ஒரு வாக்கின் மதிப்பு 144. ஸ்ரீபெரும்புதூர் உறுப்பினராயினும் சென்னை நகர உறுப்பினராயினும் மதிப்பு அதுவே. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576. அதாவது தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் நால்வருக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சமம்.

வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்தி எழுத வேண்டும். செல்லத்தக்க மொத்த மதிப்பில் பாதியைக் காட்டிலும் கூடுதலாகப் பெறுபவர் வெற்றி பெறுவார். முதல் சுற்றில் எவரும் அந்த அளவை எட்டவில்லை என்றால், கடைசி இடத்தில் உள்ளவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குச்சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்கு மாற்றப்படும். அடுத்த விருப்பம் எழுதப்படாத சீட்டு எண்ணிக்கையிலிருந்து விலக்கி வைக்கப்படும்.

தமிழ்நாட்டின் நிலை

சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' எனப் பெயர் மாறியபின் நடந்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் இது. பிப்ரவரியில் அண்ணா மறைந்து, மு.கருணாநிதி முதலமைச்சராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் தலைமையிலான தி.மு.க. கிரியை ஆதரித்தது. இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், அகாலி தளம், முஸ்லிம் லீக் ஆகியவையும் கிரியின் பக்கம் நின்றன. அவ்வாண்டு ஜனவரியில்தான் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றிருந்த காமராஜர் ரெட்டியின் பக்கம் நின்றார்.

1967 பொதுத்தேர்தலில் தி.மு.க. 25 மக்களவை இடங்களை வென்றிருந்தது. அந்த 25 வாக்குகளின் மதிப்பு மட்டும் 14,400. தேர்தலின் இறுதி வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் முக்கியத்துவம் விளங்கும்.

வாக்கு எண்ணிக்கை

ஆகஸ்ட் 20 அன்று டெல்லியில் வாக்குகள் எண்ணப்பட்டன. களத்தில் 15 வேட்பாளர்கள் இருந்தனர். ஐவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. செல்லத்தக்க மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவை 4,18,169.

முதல் விருப்ப வாக்குகள்:

வி.வி.கிரி – 4,01,515
நீலம் சஞ்சீவ ரெட்டி – 3,13,548
சி.டி.தேஷ்முக் – 1,12,769
மற்றவர்கள் – 8,505

கிரி ஏறத்தாழ 88,000 முன்னிலையில் இருந்தார். ஆனால் வெற்றிக்கு இன்னும் 16,654 தேவைப்பட்டது. சிறு வேட்பாளர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, இறுதியில் தேஷ்முக்கின் சீட்டுகளும் பிரிக்கப்பட்டன. நிஜலிங்கப்பாவின் கணக்கு பெருமளவு பலித்தது. நீக்கப்பட்டவர்களின் 1,21,274 மதிப்பில் 91,879 ரெட்டிக்குச் சென்றது. கிரிக்குக் கிடைத்தது 18,562 மட்டுமே. 10,833 மதிப்புள்ள சீட்டுகளில் மேற்கொண்டு விருப்பம் குறிக்கப்படவில்லை.

இறுதி நிலை:

வி.வி.கிரி – 4,20,077
நீலம் சஞ்சீவ ரெட்டி – 4,05,427

வித்தியாசம் 14,650. தேவையான அளவை கிரி தாண்டியது 1,908 மதிப்பில். இது நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்குக்கும் குறைவு. விருப்பம் குறிக்கப்படாத 10,833 முழுவதும் ரெட்டிக்குப் போயிருந்தாலும் கிரியே முன்னிலையில் இருந்திருப்பார். ஆனால் கிரிக்கு வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் 13 பேர் ரெட்டிக்கு மாறியிருந்தால் ரெட்டி முந்தியிருப்பார். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்டு கணக்கிட்டால் 51 பேர் மாறியிருந்தால் போதும்.

ஆகஸ்ட் 24 அன்று கிரி பதவியேற்றார். அதே ஆண்டு நவம்பரில் இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட, காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

துண்டறிக்கையும் வழக்குகளும்

அரசியலமைப்பின் 71ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் தேர்தல் தொடர்பான தகராறுகளை விசாரிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அளித்திருந்தது. கிரியின் தேர்தலை எதிர்த்து நான்கு மனுக்கள் விசாரிக்கப்பட்டன. இவ்வழக்கு 'சிவ கிருபால் சிங் எதிர் வி.வி.கிரி' என அறியப்படுகிறது. நீதிபதிகள் சிக்ரி, ஷெலட், பார்கவா, மிட்டர், வைத்தியலிங்கம் ஆகிய ஐவர் அமர்வு விசாரித்தது.

வித்தியாசம் குறைவாக இருந்தும், மனுக்களின் மையத்தில் எண்ணிக்கைப் பிழை பற்றிய புகார் இல்லை. சில வேட்புமனுக்கள் தவறாகத் தள்ளப்பட்டன என்பது ஒரு புகார். வாக்காளர்கள் மீது முறையற்ற செல்வாக்கு செலுத்தப்பட்டது என்பதே பெரிய புகார். ரெட்டியின் தனிவாழ்க்கையை இழிவுபடுத்தும் பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று தேர்தலுக்கு முன் அஞ்சலில் உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்திலும் அது கைக்குக் கை சென்றது. கிரியின் ஆதரவாளர்கள் அவருடைய உடந்தையோடு இதைச் செய்தனர் என்று மனுதாரர்கள் வாதிட்டனர்.

கிரியிடம் அவர் இருக்கும் இடத்திலேயே ஆணையர் மூலம் சாட்சியம் பெற வழி இருந்தது. அவர் அதைத் தேர்ந்தெடுக்காமல் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து கேள்விகளுக்குப் பதிலளித்தார்.

விசாரணையின்போது ஒலிநாடா ஒன்றும் சர்ச்சைக்கு உள்ளானது. சாட்சி ஒருவர் தொலைபேசியில் பேசியதாகக் கூறப்பட்ட உரையாடலின் பதிவை மனுதாரர் தரப்பு முன்வைத்தது. சாட்சி முன்பு பேசியது நாடாவில் பதிவாகியிருந்தால், அவர் இப்போது சொல்வதன் நம்பகத்தன்மையைச் சோதிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 'ஸ்ரீராம ரெட்டி எதிர் வி.வி.கிரி' என்ற இந்த ஆணை, ஒலிப்பதிவுச் சான்று குறித்த பிற்கால வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது.

தீர்ப்பு

மனுக்கள் தள்ளுபடியாயின. விரிவான தீர்ப்பு 1970 செப்டம்பர் 14 தேதியிட்டது. துண்டறிக்கை அஞ்சலிலும் மைய மண்டபத்திலும் பரப்பப்பட்டதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தேர்தலைச் செல்லாததாக்க அது மட்டும் போதாது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையற்ற செல்வாக்கை வென்ற வேட்பாளரே செலுத்தியிருக்க வேண்டும், அல்லது அவருடைய உடந்தையோடு பிறர் செலுத்தியிருக்க வேண்டும். இல்லையேல், தேர்தல் முடிவு அதனால் கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். இரண்டுமே மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. குடியரசுத் தலைவர் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. யார் யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டறிய முடியாது. துண்டறிக்கையைப் படித்து மனம் மாறியவர் 13 பேரா, ஒருவரும் இல்லையா என்பதைச் சீட்டுகள் சொல்லாது. வாக்காளரை அச்சமின்றி வாக்களிக்க விடும் அதே ரகசியம், அவர் ஏமாற்றப்பட்டாரா என்பதையும் மறைத்துவிடுகிறது. எண்ணிக்கையில் தவறென்றால் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் தேர்தலை முடிவு செய்த ஃபுளோரிடா மாநிலத்தில் 537 வாக்கு வித்தியாசத்தைச் சுற்றி எழுந்த தகராறு அப்படிப்பட்டது. பிரசாரத்தில் நடந்த தவறை மறு எண்ணிக்கையால் சரிசெய்ய முடியாது.

பின்விளைவுகள்

இவ்வழக்குக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 1967ல் 17 பேரும் 1969ல் 15 பேரும் போட்டியிட்ட நிலையில், 1974ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்பாளருக்கு 10 முன்மொழிவோரும் 10 வழிமொழிவோரும் 2,500 ரூபாய் வைப்புத்தொகையும் தேவை என்றது. தேர்தலை எதிர்த்து மனு செய்ய வேட்பாளர் ஒருவரோ, வாக்காளர் 20 பேர் சேர்ந்தோ வர வேண்டும் என்றும் விதித்தது. அவ்வாண்டு தேர்தலில் இருவர் மட்டுமே போட்டியிட்டனர். 1997ல் இந்த எண்ணிக்கை தலா 50 ஆகவும் வைப்புத்தொகை 15,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975ஆம் ஆண்டின் 39ஆவது திருத்தம் இத்தகைய தகராறுகளை நீதிமன்றங்களின் கையிலிருந்தே எடுத்தது. 44ஆவது திருத்தம் அந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குத் திருப்பி அளித்தது.

1977ல் சஞ்சீவ ரெட்டி மீண்டும் நின்றார். 37 வேட்புமனுக்கள் தாக்கலாயின. கடுமையாக்கப்பட்ட விதிகளின்கீழ் 36 மனுக்கள் தள்ளப்பட்டு, ரெட்டி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணும் நிலை இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மீண்டும் வரவில்லை. இலங்கையில் 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டு அனுர குமார திசாநாயக்க வெற்றி அறிவிக்கப்பட்டார்.

1969ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற தரப்பின் புகார் வெறும் வதந்தியாக அலையாமல் மனுவாகி, சாட்சியாகி, குறுக்கு விசாரணையாகி ஒரு முடிவுக்கு வந்தது. நாட்டின் முதல் குடிமகனும் அந்த விசாரணைக்கு உட்பட்டார். ஆனால் துண்டறிக்கை போன்றவற்றைத் தடுக்கும் வழியை அதன் பின் வந்த திருத்தங்கள் தரவில்லை. போட்டியிடுவோரையும் புகார் கொடுப்போரையும் குறைப்பதே அவற்றின் விளைவாக இருந்தது. பெயரில்லாச் செய்தி ஒன்று வாக்காளரின் கைக்கு வந்து சேர்வதற்கு இப்போது அஞ்சலும் தேவையில்லை, மைய மண்டபமும் தேவையில்லை.